கட்டுச்சோறும் சத்துணவும்: தமிழகப் பள்ளிக்குழந்தையின் நண்பகல் உணவு வரலாற்றில் நேரம் என்னும் காரணி

ஆய்வுச்சுருக்கம்

தமிழகப் பள்ளி உணவு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அரசின் திட்டங்களை மையமாகக் கொண்டவை. வீட்டில் சமைத்துக் குழந்தையிடம் கொடுத்தனுப்பும் உணவு அவற்றில் இடம்பெறுவது அரிது. இக்கட்டுரை இவ்விரண்டையும் ஒரே வரலாற்றின் இரு கிளைகளாகக் கொண்டு ஆராய்கிறது. 1920-இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய சிற்றுண்டித் திட்டம் முதல் 2022-இல் தொடங்கப்பெற்ற காலை உணவுத் திட்டம் வரை, குழந்தைக்கு உணவளிக்க அரசு முன்வைத்த காரணம் வறுமை, உரிமை, நேரம் என்று விரிவடைந்து வந்துள்ளது. அரசுத் திட்டத்திற்கு வெளியிலுள்ள குழந்தைகளின் நண்பகல் உணவோ இன்றளவும் தாயின் காலைப்பொழுதைச் சார்ந்தே நிற்கிறது. சத்தான உணவு கிடைப்பது பொருள்வளத்தை மட்டுமன்றி, சமைப்பவருக்குக் கிடைக்கும் நேரத்தையும் பொறுத்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்

கட்டுச்சோறு, மதிய உணவுத் திட்டம், சத்துணவு, குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகம், டிபன் பாக்ஸ், பெண்களின் ஊதியமில்லா உழைப்பு, காலை உணவுத் திட்டம்

முன்னுரை

பள்ளிக்குச் செல்லும் குழந்தை நண்பகலில் என்ன உண்கிறது என்னும் வினா, அவ்வுணவை யார், எப்போது, யாருடைய செலவில் சமைத்தார் என்னும் வினாவோடு பிணைந்தது. தமிழகத்தில் இவ்வினாவிற்கு இரண்டு விடைகள் உள்ளன. அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் பயிலும் குழந்தைக்குப் பள்ளி வளாகத்திலேயே உணவு சமைக்கப்படுகிறது. கட்டணம் செலுத்தித் தனியார் பள்ளியில் பயிலும் குழந்தை, விடிகாலையில் வீட்டில் சமைத்துக் கட்டிய உணவைச் சுமந்து செல்கிறது. முன்னதற்கு அரசாணைகளும் சட்டமன்ற உரைகளும் சான்றுகளாக உள்ளன. பின்னதற்கு அத்தகைய ஆவணங்கள் இல்லை. ஆவணம் இல்லாமையாலேயே அது வரலாற்றுப் பொருளாகக் கருதப்படவில்லை.

வீட்டிலிருந்து கொண்டுசெல்லும் பள்ளி உணவைச் சுட்டக் ‘கட்டுச்சோறு’ என்னும் பழஞ்சொல்லையே இக்கட்டுரை ஆள்கிறது. அரசு வழங்கும் உணவைக் காலத்திற்கேற்ப மதிய உணவு, சத்துணவு என்னும் பெயர்களால் சுட்டுகிறது. இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது, தனித்தனியே நோக்குகையில் புலப்படாத நேரம் என்னும் காரணி தெளிவாகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

ஆற்றுணாவும் கட்டுச்சோறும்

வீட்டுக்கு வெளியே உண்பதற்கெனச் சோற்றைக் கட்டி எடுத்துச் செல்லும் வழக்கம் தமிழில் தொன்மையானது. ஆற்றுணா, பொதிசோறு, கட்டமுது, கட்டுச்சோறு என இதற்குப் பல சொற்கள் உள்ளன. ஆறு என்பது வழி. ஆற்றுணா என்பது வழியில் உண்ணும் உணவு. கற்றவர் எந்நாடு சென்றாலும் அந்நாடு அவர்க்குச் சொந்த நாடே என்பதால் அவர்க்கு ஆற்றுணா தேவையில்லை என்று பழமொழி நானூறு கூறுகிறது. கல்வியையும் வழியுணவையும் ஒருசேரப் பேசும் பழைய சான்றாக இது அமைகிறது. திருக்குருகாவூர் செல்லும் வழியில் சுந்தரருக்கு இறைவன் பொதிசோறு அளித்ததாகப் பெரியபுராணம் கூறுவதும் இங்கு எண்ணத்தக்கது. இவ்விரண்டிலும் கட்டுச்சோறு பயணத்தோடு தொடர்புடையது. அது என்றோ ஒருநாள் நிகழ்வது. நாள்தோறும் குழந்தையிடம் கொடுத்தனுப்பப்படுவதன்று.

எனினும் பயணத்திற்கென உருவான சமையல் நுட்பம் பள்ளி உணவுக்கு அப்படியே கைமாறியது. காலை ஏழு மணிக்குக் கட்டிய சோறு ஒரு மணிவரை கெடாமலும் சிந்தாமலும் இருக்கவேண்டும். குழம்பு சிந்தும், ரசம் சோற்றைக் குழைத்துவிடும். ஆகவே சோற்றோடு முன்னரே கலந்துவிடும் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தயிர்ச்சோறும் கட்டுச்சோற்றின் நிலையான வகைகளாயின. புளியின் புளிப்பும் நல்லெண்ணெயும் புளிச்சோற்றை நெடுநேரம் காக்கின்றன. தயிர்ச்சோற்றுக்குப் பாலை மிகுதியாக ஊற்றி, தயிரை உறைக்கு வேண்டிய அளவே சேர்த்தால் நண்பகலில் அது பதமாக இருக்கும். காலையிலேயே தயிரை மிகுத்துவிட்டால் புளித்துவிடும். இட்லியின் மேல் நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவுவது சுவைக்காக மட்டுமன்று. இட்லி வறண்டுபோகாமலிருக்கவும் அது பயன்படுகிறது. இந்த அறிவு பெண்களிடையே வாய்வழியாகவே கைமாறி வந்தது.

இந்நுட்பத்திற்கு ஒரு விலையும் உண்டு. கெடாமையும் சிந்தாமையும் முதன்மை பெறும்போது சோற்றின் பங்கு மிகுகிறது; பருப்பும் கீரையும் காயும் குறைகின்றன. கீரை மசியலோ கூட்டோ ஆறு மணிநேரம் மூடிய பாத்திரத்தில் தாங்குவதில்லை. கட்டுச்சோற்றின் ஊட்டக்குறையைத் தாயின் அறியாமையாக மட்டும் காண்பது பொருந்தாது. அக்குறை உணவின் வடிவத்திலும், சமைக்கும் நேரத்திற்கும் உண்ணும் நேரத்திற்கும் இடையிலான தொலைவிலும் வேர்கொண்டது.

பள்ளிக் கடிகாரத்தின் வருகை

திண்ணைப் பள்ளிக்குக் கட்டுச்சோறு தேவைப்படவில்லை. அதன் மாணாக்கர் அதே ஊரினர். சட்டாம்பிள்ளையின் மேற்பார்வையில் விடியற்காலையில் தொடங்கும் பாடம் உணவுவேளைகளில் இடைநிற்கும். பிள்ளைகள் வீட்டுக்குச் சென்று பழையதையோ நண்பகல் உணவையோ உண்டு திரும்புவர். சென்னை மாகாணத்தின் நாட்டுப்புறப் பள்ளிகளைப் பற்றித் தாமஸ் மன்றோ 1822-இல் கேட்ட தகவல்களுக்கு விடையாகப் பெல்லாரி ஆட்சியர் கேம்பல் 1823-இல் அனுப்பிய அறிக்கை, காலை ஆறு மணிக்குப் பள்ளி தொடங்குவதைக் குறிப்பிடுகிறது. உ.வே.சாமிநாதையரின் தன்வரலாறான ‘என் சரித்திரம்’ பத்தொன்பதாம் நூற்றாண்டின் திண்ணைப் பள்ளி வாழ்வை விரிவாகப் பதிவு செய்கிறது. பள்ளியின் பொழுது வீட்டின் பொழுதோடு இசைந்திருந்த காலம் அது.

1854-ஆம் ஆண்டு கல்வி அறிக்கையைத் தொடர்ந்து பொதுக்கல்வித் துறை அமைந்ததும், நிதியுதவியும் ஆய்வாளர் வருகையும் கால அட்டவணையும் பள்ளியின் இயல்பை மாற்றின. காலை பத்து மணியளவில் தொடங்கி மாலை நான்கு மணியளவில் முடியும் பள்ளி, அலுவலக நாளின் படியாக அமைந்தது. உயர்நிலைப் பள்ளிகள் நகரங்களில் இருந்தமையால் பிள்ளைகள் தொலைவிலிருந்து நடந்து வந்தனர். நண்பகல் உணவு முதன்முதலாகப் பள்ளி நேரத்திற்குள் சிக்கியது.

பாத்திரங்களின் வரலாறும் இதனோடு இணைந்தது. 1898-இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். எடை குறைந்த அலுமினியத் தூக்கும் டப்பாவும் பித்தளைச் சம்புடத்தின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தன. புளிப்புச் சேர்ந்த உணவு அலுமினியத்தில் கெடும் என்னும் குறையை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் பரவிய எவர்சில்வர் நீக்கியது. சென்னை போன்ற நகரங்களில் வசதியுள்ள வீடுகளுக்கு இன்னொரு வழியும் இருந்தது. முற்பகலில் வீடு வீடாகச் சென்று சூடான சாப்பாட்டைத் திரட்டிப் பெருங்கூடையில் பள்ளிக்குச் சுமந்து சென்ற பெண்கள் இருந்தனர். இம்முறையில் தாய்க்கு முற்பகல் முழுதும் சமைக்கக் கிடைத்தது. குழந்தைக்குச் சூடான உணவு கிடைத்தது. ஆனால் தாய் பகலில் வீட்டில் இருந்தால் மட்டுமே இது இயலும்.

ஆயிரம் விளக்கு, 1920: வறுமை என்னும் காரணம்

கட்டுச்சோறு கொண்டுவர இயலாத குழந்தையைப் பற்றிய பொதுவிவாதம் சென்னை மாநகராட்சியில் தொடங்கியது. நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவரான பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளி மாணவர்க்கு நாளொன்றுக்கு ஒருவருக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானம் நிறைவேறியது. அப்பள்ளியில் பயில்வோர் ஏழைகள் என்பதும், வறுமை பள்ளியின் மாணவர் எண்ணிக்கையைப் பாதிக்கிறது என்பதும் முன்வைக்கப்பட்ட காரணங்கள். திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. இவ்வைந்து பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை 1922-23-இல் 811 ஆக இருந்து 1924-25-இல் 1,671 ஆக உயர்ந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட அரசு இசையாமையால் 1925-இல் திட்டம் நின்றது. பின்னர் 1927-இல் 25 பள்ளிகளைச் சேர்ந்த ஏழை மாணவர் ஆயிரம் பேருக்காக மீண்டும் உயிர்பெற்றது.

இந்நிகழ்வில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, பள்ளியில் உணவு என்பது கல்விச் செலவா, அறச்செலவா என்னும் வழக்கு அன்றே எழுந்துவிட்டது. இரண்டாவது, குழந்தை பசியோடு வருவதன் காரணம் வறுமை என்னும் ஒற்றைச் சொல்லில் அடக்கப்பட்டது. நாட்கூலிக்குச் செல்லும் பெண் விடியலில் வீட்டைவிட்டு நீங்குகிறாள் என்பதும், கூலி கைக்கு வந்தபின் மாலையில்தான் அவள் அடுப்பு எரியும் என்பதும் அச்சொல்லுக்குள் மறைந்துபோயின. பொருளின்மையும் நேரமின்மையும் ஒருங்கே வாழ்ந்த வீடுகள் அவை. ஆவணமோ பொருளின்மையை மட்டுமே பதிந்தது.

அதே காலத்தில் சேரன்மாதேவி குருகுலத்தில் எழுந்த சிக்கல், பள்ளியில் யாரோடு அமர்ந்து உண்பது என்னும் வினாவை அரசியல் வினாவாக்கியது. வ.வே.சு.ஐயர் நடத்திய அக்குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவளிக்கப்பட்டதை வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ.வெ.ராமசாமியும் எதிர்த்தனர். 1925-இல் உச்சம் பெற்ற அப்பூசல் தமிழகக் காங்கிரசைப் பிளக்கும் அளவிற்கு வளர்ந்தது. பள்ளிப்பந்தி என்பது வயிற்றோடு சமத்துவத்தையும் சார்ந்தது என்பதை இருபதுகளிலேயே தமிழகம் கண்டது.

குன்னூர்: சத்து என்னும் அளவுகோல்

‘சத்தான உணவு’ என்னும் கருத்தாக்கத்தின் அறிவியல் வரலாற்றில் நீலகிரிக்குச் சிறப்பிடம் உண்டு. இராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் 1918-இல் தொடங்கிய பெரிபெரி ஆய்வு பின்னர் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுமுறைகளை எலிகளுக்கு அளித்து அவர் ஆராய்ந்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி சேர்ந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னை உணவை உண்டவை நலிந்தன. 1935-இல் இயக்குநரான அய்க்ராய்டு, இந்திய உணவுப்பொருள்களின் சத்து மதிப்புகளை அட்டவணைப்படுத்தி 1937-இல் வெளியிட்டார். பள்ளிப்பருவக் குழந்தைகளின் உணவோடு கொழுப்பு நீக்கிய பாலைச் சேர்த்து அதன் பயனை ஆராய்ந்ததும் இவ்வாய்வகமே. 1958-இல் ஆய்வகம் ஐதராபாத்துக்கு மாறி, பின்னர்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று.

குன்னூர் ஆய்வுகளால் விளைந்த மாற்றம் ஆழமானது. அதுவரை வயிறு நிறைந்ததா என்பதே வினா. அதன்பின் எத்தனை கிராம் புரதம் என்பதும் வினாவாயிற்று. அரிசியின் குறையைப் பருப்பும் பாலும் கீரையும் முட்டையும் ஈடுசெய்யவேண்டும் என்னும் கருத்து பாடநூல்கள் வழியாகவும் மனையியல் கல்வி வழியாகவும் வீடுகளுக்குப் பரவியது. ஆயின் அட்டவணை பொருள்களின் சத்தைக் கூறிற்று. அவற்றைச் சமைக்கத் தேவைப்படும் நேரத்தைக் கூறவில்லை. கீரையை ஆய்ந்து கழுவி நறுக்கவும், பயற்றை முதல்நாளே ஊறவைக்கவும் ஆகும் பொழுது எந்த அட்டவணையிலும் இடம்பெறவில்லை. சத்தான பொருள்களுட் பல கைவேலை மிகுந்தவையும் ஆகும். தாயின் மீது புதிய கடமை ஒன்று ஏறியது. அதற்குரிய பொழுது அவளுக்குக் கூடவில்லை.

1956 முதல் 1982 வரை: பந்தியிலிருந்து பணியிடத்திற்கு

காமராசர் முதல்வராகவும் நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1956-இல் தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் அது ஊரார் நன்கொடையைச் சார்ந்திருந்தது. பின்னர் அரசு மானியம் சேர்ந்தது. 1961 முதல் கேர் நிறுவனத்தின் உணவுப்பொருள் உதவியும் கிடைத்தது. கூலிவேலைக்கும் மாடு மேய்ப்பதற்கும் சென்ற குழந்தையைப் பள்ளிக்கு ஈர்ப்பதே நோக்கம். பசி இங்கும் வறுமையின் அடையாளமாகவே கொள்ளப்பட்டது. மதிய உணவு உண்போர் ஏழைப்பிள்ளைகள், தூக்குச்சட்டி கொண்டுவருவோர் இயன்றவர் வீட்டுப் பிள்ளைகள் என்னும் பிரிவு ஒரே வகுப்பறைக்குள் உருவானது.

1982 ஜூலை முதல் நாள் ம.கோ.இராமச்சந்திரன் ஆட்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் அளவிலும் அமைப்பிலும் வேறுபட்டது. முதலில் ஊர்ப்புறங்களில் இரண்டு முதல் ஒன்பது வயதினர்க்கும், செப்டம்பரில் நகர்ப்புறங்களுக்கும், 1984-இல் பதினைந்து வயது வரையிலானோர்க்கும் அது விரிந்தது. பெயரிலேயே ‘சத்து’ இடம்பெற்றமை குன்னூர் அளவுகோல் ஆட்சிமொழியில் குடியேறியதைக் காட்டுகிறது. 1989-இல் மு.கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்க்கப்பட்டது. பின்னர் அதன் எண்ணிக்கை படிப்படியாகக் கூடியது.

இக்கட்டுரையின் நோக்கில் 1982-இன் முதன்மை வேறொன்றில் உள்ளது. ஒவ்வொரு மையத்திற்கும் அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் எனப் பணியிடங்கள் உருவாயின. பெண்களே, அவர்களுள்ளும் கைம்பெண்களும் ஆதரவற்றோரும் முன்னுரிமை பெற்றனர். குழந்தைக்கு நண்பகல் உணவு சமைப்பது மாநிலம் முழுவதும் பெண்கள் செய்யும் ஊதியப் பணியாயிற்று. ஒரு பெண்ணின் வேலைநேரம் பல பெண்களின் காலைப்பொழுதை விடுவித்தது. ஆயின் அப்பணியின் மதிப்பு இன்றும் முழுமை பெறவில்லை. வரையறுக்கப்பட்ட காலமுறை ஊதியமும் ஓய்வூதியமும் வேண்டிச் சத்துணவு ஊழியர் பல்லாண்டுகளாகப் போராடி வருகின்றனர். வீட்டில் விலையின்றிச் செய்யப்படும் வேலை பொதுவெளிக்கு வந்தபோதும் குறைந்த விலையே பெற்றது.

மறுப்புக் கருவியாகக் கட்டுச்சோறு

ஒரே பந்தியில் அமர்த்தும் திட்டத்திற்கு எதிராகவும் கட்டுச்சோறு பயன்பட்டுள்ளது. பட்டியலினப் பெண் சமைத்த உணவைத் தம் பிள்ளைகள் உண்ணக்கூடாதெனப் பெற்றோர் சிலர் தடுத்த நிகழ்வுகள் 2018-இலும் 2023-இலும் செய்திகளாயின. அதிகாரிகள் நேரில் சென்று உணவருந்தித் தீர்வு காண வேண்டியிருந்தது. இத்தகைய சூழலில் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பப்படும் டப்பா, அன்பின் அடையாளமாக மட்டும் நிற்பதில்லை. யார் சமைத்ததை உண்ணலாம் என்னும் வேலியையும் சுமக்கிறது. கட்டுச்சோற்றைத் தாயன்பின் சின்னமாக மட்டும் போற்றும் எழுத்துகள் இப்பக்கத்தைக் காணத் தவறுகின்றன. தனியார் பள்ளியின் உணவு இடைவேளையிலும் டப்பாவைத் திறந்ததும் எழும் மணம் வீட்டின் சாதியையும் வசதியையும் அறிவித்துவிடுகிறது. சத்துணவுத் தட்டில் எல்லார்க்கும் ஒரே உணவு என்பதன் பொருள் இவ்விடத்தில் மிகுதியும் விளங்கும்.

இரண்டு நிமிடமும் இரண்டு மணிநேரமும்

1970-களின் பிற்பகுதி முதல் ஆங்கிலவழி மெட்ரிகுலேஷன் பள்ளிகள் சிறுநகரங்களிலும் பெருகின. கட்டணப் பள்ளியில் பயிலும் குழந்தை சத்துணவு எல்லைக்கு வெளியே சென்றது. பள்ளி வண்டி ஏழரை மணிக்கே தெருமுனைக்கு வந்தது. கூடைக்காரப் பெண்ணிடம் பதினொரு மணிக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பிய முறை மறைந்து, அந்த உணவு காலை ஏழு மணிக்கு முன்னரே ஆயத்தமாக வேண்டியதாயிற்று. காலைச் சிற்றுண்டி, இடைவேளைத் தின்பண்டம், நண்பகல் உணவு என மூன்றும் ஒரே அடுப்பில் ஒரே பொழுதில் முடியவேண்டும். கட்டணத்திற்காகவே தாயும் வேலைக்குச் செல்லத் தொடங்கிய குடும்பங்களில் நெருக்கடி இரட்டித்தது. கல்விக்குச் செலவிடும் குடும்பம், பணத்தோடு நேரத்தையும் செலவிட்டது.

சந்தை இந்நெருக்கடியை விரைந்து உணர்ந்தது. சத்துணவுத் திட்டம் தொடங்கிய மறு ஆண்டான 1983-இல் மேகி நூடுல்ஸ் இந்தியச் சந்தைக்கு வந்தது. இரண்டு நிமிடத்தில் ஆயத்தமாகும் என்பதே அதன் விளம்பரத்தின் உயிர். பசியோடு வரும் பள்ளிக்குழந்தையும் நேரமற்ற தாயுமே அதன் காட்சிகள். ரொட்டியும் பழக்கூழும் பிசுகோத்தும் பொரித்த சிப்ஸும் டிபன் பாக்ஸுக்குள் நுழைந்த வழியும் இதுவே. தாய் அவற்றை வாங்கியபோது பெற்றது உணவோடு பொழுதும் ஆகும். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் அதனைச் சுற்றி 50 மீட்டர் தொலைவிலும் விற்பதை 2020-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் தடைசெய்கின்றன. விதி வாயிலில் நிற்கிறது. டப்பாவுக்குள் அது செல்லாது.

தமிழகத்தில் சமையலறை நேரத்தைக் குறைத்த கருவிகளுள் ஈரமாவு அரைப்பானுக்கு முதலிடம் தரலாம். கோயம்புத்தூரில் 1950-களில் உருவான அக்கருவி, ஆட்டுக்கல்லின் முன் கழிந்த பெண்களின் பொழுதை மீட்டது. 2011-இல் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தை அரசு தொடங்கியபோது, வீட்டுச் சமையல் நேரம் அரசின் கவனத்துக்குரியது என்பது உட்கிடையாக ஏற்கப்பட்டது. திட்டத்தை இலவசம் என்று இகழ்ந்தோரும் வாக்குக்கான உத்தி என்று பழித்தோரும் இக்கூறைக் கருதவில்லை.

கருவி வந்தும் பங்கீடு மாறவில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, இந்தியாவில் ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிடங்களையும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிடுகின்றனர். அவ்வேலையில் ஈடுபடும் பெண்கள் 81.2 விழுக்காட்டினர், ஆண்கள் 26.1 விழுக்காட்டினர். ‘வேலைப்பளு மிகுந்த பெற்றோர்’ என்னும் பொதுச்சொல் இருபாலரையும் சுட்டினும், டிபன் பாக்ஸைப் பொறுத்தவரை அப்பெற்றோர் பெரும்பாலும் தாயே என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. குழந்தைக்குச் சத்தான உணவு கட்டுவது எப்படி என்று கூறும் அறிவுரைகள் தாயை நோக்கியே எழுதப்படுகின்றன. முதல்நாள் இரவே காய் நறுக்கி வைத்தல், ஞாயிறன்று மாவரைத்தல், பயறு முளைகட்டுதல் ஆகியன பயனுள்ளவையே. ஆயின் அவை நேரத்தைக் கூட்டுவதில்லை. காலையில் இல்லாத நேரத்தை இரவிலிருந்தும் ஓய்வுநாளிலிருந்தும் எடுக்கின்றன.

உரிமையும் நேரமும்

2001 நவம்பர் 28-இல் உச்சநீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணை, அரசு மற்றும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் கொண்ட சமைத்த உணவை வழங்கப் பணித்தது. பின்னர் நாடளாவிய நெறி தொடக்க வகுப்புக் குழந்தைக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம் என உயர்ந்தது. 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி என அளவுகளும் வகுக்கப்பட்டன. நண்பகல் உணவு இரக்கத்திலிருந்து உரிமைக்கு நகர்ந்தது. இவ்வளவுகளில் ஒன்றைக் கருதவேண்டும். 50 கிராம் காயும் 20 கிராம் பருப்பும் சேர்ந்த சூடான சாம்பார்ச் சோற்றை, உண்பதற்குச் சற்று முன்னர்ச் சமைத்துப் பரிமாறப் பள்ளியில் இயலும். ஏழு மணிக்குக் கட்டும் டப்பாவில் அதே சேர்க்கை எளிதன்று. 2013-இல் சத்துணவுப் பட்டியலில் கலவைச் சோற்று வகைகளும் மசாலா முட்டையும் சேர்ந்தபோது, கட்டுச்சோற்றின் சுவை சத்துணவுக்குள் வந்தது. சத்துணவின் சேர்க்கை டிபன் பாக்ஸுக்குள் அதே எளிமையோடு செல்லவில்லை.

2022 மே மாதம் முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் காலை உணவுத் திட்டத்தை அறிவித்தபோது கூறிய காரணங்கள் இவ்வரலாற்றில் புதியன. குழந்தைகள் சீக்கிரமே பள்ளிக்குப் புறப்பட வேண்டியிருப்பது, பள்ளி தொலைவில் இருப்பது, குடும்பச் சூழல் ஆகியன சுட்டப்பட்டன. இவற்றுள் முதலிரண்டும் நேரத்தைப் பற்றியவை. மூன்றாவதிலும் பெற்றோர் விடியலில் வேலைக்குச் செல்வது அடங்கும் எனக் கொள்ளலாம். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய திட்டத்தின் முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகளின் 1,14,095 குழந்தைகள் பயன்பெற்றனர். 2023 ஆகஸ்ட் 25 முதல் அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் காய்கறிச் சாம்பாரும் பட்டியலில் இடம்பெற்றன.

1920-இல் வறுமை என்று கூறப்பட்டதன் உள்ளே இருந்த நேரமின்மை, ஒரு நூற்றாண்டுக்குப் பின் வெளிப்படையான காரணமாயிற்று எனலாம். வறுமை நீங்கிவிட்டதால் நேரம் முன்வந்தது என்று இதனைக் கொள்ளலாகாது. நேரமின்மை ஏழையின் வீட்டில் என்றும் இருந்தது. அதற்குத் தனிப்பெயர் இப்போதுதான் கிடைத்தது. இத்திட்டத்திற்கெனப் பல பள்ளிகளில் விடியலில் அடுப்பு மூட்டுவோர் மகளிர் சுய உதவிக் குழுவினர். பல தாய்மாரின் காலைநேரத்தை விடுவிக்கச் சில தாய்மாரின் காலைநேரம் மீண்டும் பயன்படுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. பயணத்திற்குரியதாயிருந்த கட்டுச்சோறு, பள்ளிக் கடிகாரத்தின் வருகையால் அன்றாடக் கடமையாயிற்று. கட்டுச்சோற்றின் ஊட்டக்குறைக்குச் சமைக்கும் பொழுதுக்கும் உண்ணும் பொழுதுக்கும் இடையிலான தொலைவே முதன்மைக் காரணம். தாயின் அக்கறையின்மை என்னும் விளக்கம் வரலாற்றுச் சான்றுகளோடு பொருந்தவில்லை. அரசுத் திட்டங்கள் அத்தொலைவைக் குறைத்தன. சமையலைப் பெண்களின் வீட்டிலிருந்து பெண்களின் பணியிடத்திற்கு மாற்றின. அப்பணியின் குறைந்த மதிப்பும் சாதிவேலியும் எஞ்சியுள்ள சிக்கல்கள்.

சத்துணவு பெறும் குழந்தைக்கு நாட்டின் நெறி எத்தனை கிராம் பருப்பு என்று வரையறுக்கிறது. டிபன் பாக்ஸ் கொண்டுசெல்லும் குழந்தைக்கு அத்தகைய நெறியும் இல்லை, சமையற்கூடமும் இல்லை. கட்டணம் செலுத்த இயன்ற குடும்பம் உணவையும் பார்த்துக்கொள்ளும் என்னும் எண்ணமே இதற்கு அடிப்படை. அவ்வெண்ணம் பணத்தைக் கணக்கிட்டது; பொழுதைக் கணக்கிடவில்லை. 1948 முதல் எல்லாப் பள்ளிக்குழந்தைகளுக்கும் கட்டணமின்றி உணவளிக்கும் பின்லாந்தில் இப்பிரிவு எழவில்லை என்பது ஒப்புநோக்கத்தக்கது. கட்டணப் பள்ளிகளும் வளாகத்திலேயே சமைத்த பொது உணவை வழங்குவது, உணவு இடைவேளையின் நீளத்தைக் கூட்டுவது, பள்ளி தொடங்கும் நேரத்தை மறுபரிசீலனை செய்வது ஆகியன கல்விக் கொள்கையின் பகுதியாக விவாதிக்கப்பட வேண்டியவை.

பள்ளி உணவு வரலாற்றை எழுதுவோர் அரசாணைகளோடு சமையற்குறிப்பேடுகள், பெண்கள் இதழ்களின் சமையற்பகுதிகள், பாத்திர விளம்பரங்கள், கூடை சுமந்த பெண்களின் நினைவுகள் ஆகியவற்றையும் சான்றுகளாகத் திரட்டவேண்டும். அச்சான்றுகள் விரைந்து மறைந்துவருகின்றன. அவற்றைத் தொகுத்தால்தான் காலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடைப்பட்ட அந்த இரண்டு மணிநேரம் தமிழகக் கல்வி வரலாற்றின் ஓர் இயலாக எழுதப்பெறும்.